வெல்ல ட்ரம்மும் கரடியும்: வனத்துறைக்கும் தோட்டக்காரர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்ட வனத்துறை அலுவலர்களுக்கும், மேலகிரி மலையோரம் டென்ட் போட்டு ஆட்களைத் தங்கவைக்கும் தோட்டக்காரர்களுக்கும், வணக்கம்.

நான் ஓசூரில் இருபத்தைந்து வருடமாக ஃபேப்ரிகேஷன் பட்டறை நடத்துகிறேன். கேட், கிரில், கம்பெனிகளுக்கு ராக், ட்ராலி என்று தகடும் ஆங்கிளும் வெட்டி ஒட்டுவது தொழில். தேன்கனிக்கோட்டையைத் தாண்டி, அஞ்செட்டி ரோட்டில், காட்டை ஒட்டி அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கர் நிலம் இருக்கிறது. பாதி கேழ்வரகு, பாதி மா, வரப்போரம் நாலு பலா. அந்த நிலத்தில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லத்தான் இந்த மடல். அதிலிருந்து உங்களிடம் ஒன்று கேட்கவும் வேண்டியிருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன் சித்திரையில் என் தங்கை மகன் பெங்களூரிலிருந்து நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். எட்டுப் பேர். மாமரத்தடியில் மூன்று டென்ட். இரண்டு ராத்திரி தங்கி, பகலில் மலையோரம் நடந்துவிட்டுப் போவது ஏற்பாடு. சமையல் சாமானை நான்தான் எடுத்து வைத்தேன். திருகுமூடி போட்ட நீல பிளாஸ்டிக் ட்ரம் ஒன்றில் அச்சுவெல்லம், வேர்க்கடலை, அவல், அரிசி. பக்கத்தில் ஒரு கேன் கடலெண்ணெய், ஒரு தார் வாழைப்பழம். மூடியை இரண்டு கையாலும் இறுக்கிவிட்டு, “இதை எதுவும் திறக்காது, நிம்மதியாகத் தூங்குங்கள்” என்று பிள்ளைகளிடம் சொன்னதும் நான்தான்.

இரண்டாம் ராத்திரி இரண்டு மணி வாக்கில் ஒரு சத்தம். ஈரத்துணியால் தரையைத் துடைக்கிற மாதிரி, உறிஞ்சுவதும் ஊதுவதுமாக. காவலுக்கு இருக்கும் பெரியவர் என் தோளை அழுத்தி, வெளியே போகாதே என்று சைகை காட்டினார். அரைமணி நேரம் குடிசைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். அந்தப் பக்கம் டென்டுக்குள் எட்டுப் பிள்ளைகள்.

விடிந்து பார்த்தால் மூடி அப்படியே இருக்கிறது, ஒரு திருகுகூட நகரவில்லை. மூடிக்குக் கீழே கழுத்துப் பகுதியில் உளி வைத்துத் தட்டியதுபோல் ஐந்து கோடு. அதில் இரண்டு உள்ளே இறங்கி, அந்தக் கிழிசலிலிருந்து பிளாஸ்டிக்கை வாழைமட்டை உரிப்பதுபோல் உரித்திருக்கிறது. வெல்லம் ஒரு துண்டு இல்லை. எண்ணெய் கேன் நசுங்கி வேலிப்பக்கம் கிடந்தது. என் வயிற்றைக் கலக்கியது இதெல்லாம் இல்லை. ஒரு டென்டின் வாசலில் இருந்த பையை இழுத்துப் போட்டு, அதிலிருந்த பற்பசைக் குழாயை மென்று தட்டையாக்கியிருந்தது. அந்தப் பை இருந்த இடத்துக்கும், உள்ளே படுத்திருந்த பையனின் காலுக்கும் நடுவே ஒரு முழம் இருக்கும். இடையில் இருந்தது ஒரு மெல்லிய துணி.

பெரியவர் ட்ரம்மைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அது இன்னைக்கு நம்ம சாப்பாட்டைப் படிச்சிடுச்சு சாமி. கரடி படிச்சா மறக்காது.”

அவர் சொன்னபடியே ஆனது. அடுத்த ஒரு வாரத்தில் நாலு ராத்திரி வந்தது. எங்களிடம் எதுவும் கிடைக்காமல் பக்கத்துத் தோட்டத்துக் குடிசைக் கதவைப் பிளந்தது. அப்புறம் கீழே ஊருக்குள் ஒரு வீட்டுப் பின்கட்டில் ரேஷன் பாமாயில் பாக்கெட். அந்த வீட்டு அம்மா நல்லவேளையாக அன்றைக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்தார். கூண்டு வைத்துப் பிடிக்கவேண்டும் என்று ஊரார் பேச ஆரம்பித்தார்கள், அவர்கள் மேல் தப்புச் சொல்ல என்னால் முடியாது. நல்ல காலம், கோடைமழை பிடித்துக்கொண்டது. புற்றிலிருந்து ஈசல் கிளம்பியது. கரடி மேலே போய்விட்டது. நான் வெல்லத்தை வைத்த விதத்தால் ஒரு மனிதரோ அந்தக் கரடியோ செத்திருக்கக்கூடும். அது நடக்காமல் போனதற்கு மழைதான் காரணம், என் கெட்டிக்காரத்தனம் எதுவும் இல்லை.

இந்த மடலைப் படிக்கும் அலுவலர்களுக்கு நம் கரடியைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் தோட்டக்காரர்களுக்கு ஒன்றிரண்டு சொல்லவேண்டும். நம் மலையில் இருப்பது கறையானும் எறும்பும் தின்கிற கரடி. மேல்வரிசையில் நடுப்பற்கள் இரண்டு அதற்குக் கிடையாது. அந்த இடைவெளி வழியாகத்தான் புற்றிலிருந்து கறையானை உறிஞ்சி எடுக்கிறது. நகம் மூன்று நான்கு அங்குலம். காய்ந்து கல்லாகிப்போன புற்றைத் தோண்டும் நகத்துக்கு என் ட்ரம் எம்மாத்திரம்? கண்ணும் காதும் மட்டு, மூக்கு மட்டும் அபாரம். நாம் கிட்டே போகும்வரை அதற்குத் தெரியாது; தெரிந்தவுடன் மிரண்டு பாயும். மனிதர்கள் கடிபடுவது பெரும்பாலும் இப்படித்தான். நாவல், இலந்தை, கொன்றைக்காய், அத்தி, தேன் என்று காட்டிலேயே அதற்குப் பருவத்துக்குப் பருவம் சாப்பாடு உண்டு. நம் வெல்லம் அதற்குத் தேவையே இல்லை. ஆனால் ஒருமுறை கிடைத்துவிட்டால் ஒரு நாள் முழுக்கப் புற்றுத் தோண்டினாலும் கிடைக்காத இனிப்பு ஒரே இடத்தில் கிடைத்த கணக்கு. பக்கத்துக் கர்நாடகத்தில் பல்லாரிக்கு அருகே தரோஜி கரடிகள் சரணாலயத்தில், பாறைகளில் வெல்லமும் தேனும் கலந்த கலவையைத் தடவிவைக்கிறார்கள். சாயங்காலமானால் கரடிகள் குட்டியை முதுகில் சுமந்துகொண்டு இறங்கி வருகின்றன. அங்கே அது பார்வையாளர் தூரத்தில் நின்று பார்ப்பதற்காகச் செய்கிற ஏற்பாடு. நம் மலையோரம் நாம் அதையே, தெரியாமல், டென்ட் வாசலில் செய்துகொண்டிருக்கிறோம்.

எனக்கு இது முன்பே தெரிந்திருக்கவேண்டும். 2019இல் கலிபோர்னியாவில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்கப் போனபோது அவள் எங்களை யோசெமிட்டி காட்டுக்கு இரண்டு ராத்திரி நடத்திக் கூட்டிப்போனாள். அந்தக் காட்டுக்குள் முதுகுப்பையோடு போய்த் தங்குகிறவர்கள் சாப்பாட்டைக் கரடி திறக்கமுடியாத டப்பாவில்தான் கொண்டுபோக வேண்டும், கட்டாயம். டப்பா இல்லாதவர்களுக்கு அங்கேயே வாடகைக்குக் கொடுக்கிறார்கள். தொழில்காரன் என்பதால் அந்த டப்பாவைக் கையில் வாங்கியதும் எனக்கு ஊரைப் பார்க்கும் எண்ணமே போய்விட்டது. பேர்வால்ட் என்ற கம்பெனி செய்தது. கண்ணாடிபோல் உள்ளே தெரியும் பாலிகார்பனேட் உருளை. பதினொன்றரை லிட்டர் பிடிக்கும், ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே கனம். மூடி உடம்போடு சமமாகப் படிகிறது; நகம் மாட்டுவதற்கு விளிம்பு என்று ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கவே இல்லை. மூடியில் இருக்கும் சின்னப் புடைப்பை உள்ளே அழுத்திக்கொண்டே திருகினால்தான் திறக்கும். உருண்டையாக, கரடியின் வாய்க்கு அகப்படாத அகலத்தில் இருப்பதால் கடித்துப் பிடிக்க முடியாது. உருட்டத்தான் முடியும்.

என் மனைவி ஊரிலிருந்து கொண்டுபோன முறுக்கை அதற்குள் வைக்க இடம் போதாமல் நொறுக்கி அடைத்தாள். ஒரு ஆளுக்கு ஒரு நாள் சாப்பாடு ஒன்றரை இரண்டு லிட்டர் இடம் பிடிக்கும் என்று மகள் கணக்குச் சொன்னாள். பற்பசை, சோப்பு, முகக்கிரீம், சாப்பிட்ட காலிக் கவர் எல்லாமே ராத்திரி உள்ளே போகவேண்டும் என்றாள். “பேஸ்ட்டுக்கு என்னம்மா, அதைக் கரடி தின்னவா போகுது?” என்று நான் கேட்டது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. படுக்கப்போகும்முன் டப்பாவை டென்டிலிருந்து நூறடி தள்ளி, பள்ளமும் தண்ணீரும் இல்லாத சமதரையில் வைத்தாள். மரத்திலே கட்டவில்லை. கயிறு கட்டினால் கரடிக்கு இழுத்துக்கொண்டு போகக் கைப்பிடி கொடுத்ததாகிவிடும்.

அந்த ஊர்க்காரர்களும் பட்டுத்தான் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். முதலில் சாப்பாட்டு மூட்டையைக் கயிறு போட்டுக் கிளையில் தொங்கவிட்டிருக்கிறார்கள். கரடி கயிற்றைக் கடித்தது, குட்டியைக் கிளைமேல் ஏற்றியது. கார்களில் வைத்தார்கள், கதவை மேலிருந்து மடக்கி இறக்கியது. 1998இல் மட்டும் யோசெமிட்டியில் 1,500க்கும் மேற்பட்ட கரடிச் சம்பவங்கள், ஆறரை லட்சம் டாலர் அளவுக்குச் சேதம். அதன்பிறகு தங்கும் இடமெல்லாம் இரும்புப் பெட்டி, நடப்பவர்களுக்கு டப்பா, மீறினால் அபராதம் என்று கெடுபிடி செய்தார்கள். இப்போது சம்பவங்கள் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டன. கரடியை யாரும் மாற்றவில்லை. சோறு வைக்கும் இடம் மாறியது, அவ்வளவுதான்.

அந்த டப்பாக்களுக்குச் சோதனை வைக்கிற விதமும் சொல்லவேண்டும். மான்டானா மாநிலத்தில் வெஸ்ட் யெல்லோஸ்டோன் என்ற ஊரில் கிரிஸ்லி என்ற பெரிய பழுப்புக் கரடிகளை அடைப்பில் வைத்து வளர்க்கும் இடம் இருக்கிறது. டப்பாவுக்குள் வாசனையான தீனியைப் போட்டு அவற்றிடம் கொடுப்பார்கள். கடித்து, மிதித்து, பிராண்டி ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தால்தான் சான்றிதழ். அங்கே இருக்கும் கரடிகளில் பல, ஒரு காலத்தில் மனிதர் சாப்பாட்டுக்குப் பழகி, திரும்பக் காட்டுக்குள் விடமுடியாமல் போனவை. அதைக் கேட்டபோது எனக்குச் சாதாரணச் செய்தியாக இருந்தது. வெல்ல ட்ரம்முக்குப் பிறகு அது எனக்கு வேறு மாதிரிக் கேட்கிறது.

அப்படியானால் அந்த டப்பாவையே வரவழைத்துவிடலாமே என்று பல பேர் கேட்கிறார்கள். நூறு டாலர் பக்கம் விலை, வாங்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள். நானும் தொழில்முறையில் யோசித்துப் பார்த்தேன். முதுகில் சுமந்து நடப்பவருக்கு அதைவிட நல்ல பொருள் கிடையாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கெட்டியான நார்த்துணியில் கத்திக்கும் லேசில் கிழியாத பையும் உண்டு, உர்சாக் என்று பெயர், கால் கிலோகூட இருக்காது. ஆனால் உள்ளே இருப்பது கரடியின் வாயில் கூழாகிவிடும். பையைச் சரியாக முடிச்சுப் போடத் தெரியாவிட்டால் அதுவும் இல்லை. நம் ஆட்கள் கையில் அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கெட்டி டப்பாதான் என் தேர்வு.

ஆனால் இரண்டு விஷயத்தை மறக்கக்கூடாது. ஒன்று, அந்தச் சோதனை கிரிஸ்லி கரடியை வைத்து நடப்பது. பலத்தில் நம் கரடி அதற்குப் பாதிகூட இல்லை, அதனால் உடையுமோ என்ற பயம் எனக்கு இல்லை. நம் கரடியிடம் இருப்பது பொறுமையும் நீள நகமும். நியூயார்க் மாநிலத்து அடிரான்டாக் மலையில் ஒரு சின்னப் பெண் கரடி, மேலே சொன்ன அதே டப்பாவின் புடைப்பைப் பல்லால் அழுத்தித் திருகக் கற்றுக்கொண்டது. கம்பெனி இரண்டாவது புடைப்பு வைத்தது, அதையும் கற்றுக்கொண்டது. பலம் தோற்ற இடத்தில் பொறுமை ஜெயித்திருக்கிறது. இன்னொன்று, நம் காட்டில் யானை இருக்கிறது. அமெரிக்க டப்பாவைச் செய்தவர் யாரும் யானையை நினைத்துச் செய்யவில்லை. ஒவ்வொரு வருடமும் ஐப்பசி கார்த்திகையில் பன்னேர்கட்டா பக்கமிருந்து ஜவளகிரி, தளி வழியாகக் கூட்டம் இறங்கும்போது, கேழ்வரகுக்காகப் பரண் கட்டி ராத்திரி முழுக்கக் கண்விழிக்கும் ஊர் இது. முன்னங்காலைத் தூக்கி மரத்தில் வைத்துப் பலாப்பழம் பறிக்கும் யானைக்கு, மரத்தில் தொங்கும் மூட்டை கைக்கெட்டிய பழம்தான். எந்தப் பெட்டியும் யானைக்கு ஈடு கிடையாது. யானைக்கு ஒரே வழி, அது தேடி வரும் பொருளை அங்கே கொண்டுபோகாமல் இருப்பது. வாழைத்தார், பலா, வெல்லம், மூட்டை உப்பு, கேழ்வரகு இதெல்லாம் டென்ட் பக்கமே வரக்கூடாது. கூட்டம் இறங்கும் மாதங்களில் டென்டே வேண்டாம் என்பேன். அந்த வருமானத்தை விட்டால் பட்டினி கிடக்கப்போகிற தோட்டக்காரர் நம்மில் யாரும் இல்லை.

இப்போது நான் கேட்க வந்ததற்கு வருகிறேன்.

2014இல் காவிரி வடக்கு சரணாலயம் 504 சதுர கிலோமீட்டர், 2022இல் காவிரி தெற்கு 686 சதுர கிலோமீட்டர் என்று இந்த இரண்டு மாவட்டத்துக் காட்டுக்கு நல்ல காவல் கிடைத்திருக்கிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ மலையேற்றத் திட்டத்தின் 40 பாதைகளில் நம் குத்திராயன் மலையும் சாமியேரியும் இருக்கின்றன. உள்ளூர் இளைஞர்கள் வழிகாட்டிகளாக வருகிறார்கள், பகலிலேயே போய்த் திரும்பிவிடுகிறார்கள். அங்கே டப்பா தேவையில்லை. பையைக் கீழே வைத்துவிட்டுப் போட்டோ எடுக்கப் போகாமல் இருந்தால் போதும். சாப்பிட்ட இடத்தில் ஒரு பழத்தோல்கூடக் கிடக்கக்கூடாது. பொட்டலத்தை ஏற்கெனவே குரங்குகள் படித்துவிட்டன. கரடிக்கும் அந்தப் பாடம் போய்ச்சேர வேண்டாம்.

சிக்கல் இருப்பது காட்டின் எல்லைக்கு இந்தப் பக்கம், எங்களைப் போன்றவர்களின் பட்டா நிலத்தில். சனி ஞாயிறானால் மலையடிவாரத்தில் டென்ட் முளைக்கிறது. நிலம் எங்களுடையது, ஆனால் அங்கே சாப்பிடக் கற்றுக்கொள்ளும் கரடி உங்கள் காட்டுடையது. 1972ஆம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர். ஆகவே வனத்துறை ஒரு விதி போடவேண்டும் என்று கேட்கிறேன்: காட்டெல்லையை ஒட்டி ராத்திரி ஆட்களைத் தங்கவைக்கும் எவரும், தரையோடு பொருத்திய இரும்புப் பெட்டி வைத்தே ஆகவேண்டும். சமையல் டென்டிலிருந்து தள்ளி நடக்கவேண்டும். பொழுது சாய்வதற்குள் சாப்பாடும் பற்பசையும் குப்பையும் பெட்டிக்குள் போய்விட வேண்டும். நடந்துபோய்த் தங்க அனுமதி கொடுக்கும் நிலை எப்போதாவது வந்தால், செக்போஸ்டிலேயே கெட்டி டப்பாக்களை முன்பணம் வாங்கிக்கொண்டு கொடுத்து, திரும்பும்போது வாங்கி வையுங்கள். வருகிறவர்களே வாங்கிக்கொண்டு வரட்டும் என்று விட்டால் பெயின்ட் வாளியும் எவர்சில்வர் சம்படமும்தான் வரும். சம்படத்தின் மூடியை நம் வீட்டுக் குழந்தையே தட்டித் திறந்துவிடும்.

பெட்டி எப்படி இருக்கவேண்டும் என்பதில் எனக்குச் சொல்ல இருக்கிறது. பதினாலு கேஜ் தகடு, அதாவது இரண்டு மில்லிமீட்டர். பதினெட்டு கேஜில் செய்தால் பார்க்கப் பெட்டி மாதிரி இருக்கும், மூலையில் நகம் மாட்டி இழுத்தால் விரிந்துவிடும். மூலைகளில் புள்ளி வைத்து ஒட்டக்கூடாது, முழு நீளத்துக்கும் வெல்டிங் ஓடவேண்டும். கதவு சட்டத்துக்கு வெளியே படியக்கூடாது, உள்ளே அமரவேண்டும். இடுக்கு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. கீல் உள்பக்கம். தாழ்ப்பாளுக்கு மேலே ஒரு கூடு ஒட்டி, கையைக் கீழிருந்து நுழைத்து மேலே தள்ளிப் பிறகு இழுத்தால்தான் விடுபடுகிற மாதிரி இரண்டு அசைவு வைக்கவேண்டும். ஒரே அசைவில் திறக்கும் கொண்டியை நகத்தால் எப்போதாவது ஒருநாள் தட்டிவிடும். அடியில் கான்கிரீட் போட்டு நாலு ஆங்கர் போல்ட். தரையில் சும்மா வைத்த பெட்டியை உருட்டி, சரிவில் தள்ளி உடைக்கும் அளவுக்குக் கரடிக்குப் பலம் உண்டு. பூட்டு வேண்டாம், சாவியைத் தொலைத்துவிட்டுத் திறந்தபடியே விட்டுவிடுவார்கள். ஒரு கொக்கி போதும்.

இது ஒன்றும் பெரிய வேலை இல்லை. எட்டுப் பேர் சாப்பாடு பிடிக்கும் பெட்டி ஒன்றை இரண்டு ஆள் வைத்து மூன்று நாளில் செய்துவிடலாம். வரைபடம் என்னிடம் இருக்கிறது. வனத்துறை கேட்டால் அப்படியே கொடுத்துவிடுகிறேன், கிருஷ்ணகிரியில் பண்ணினாலும் பென்னாகரத்தில் பண்ணினாலும் எந்தப் பட்டறையும் அதைப் பார்த்துச் செய்யலாம். தோட்டக்காரர்கள் என்னிடமே வந்தால் தகட்டு விலையும் வெல்டிங் ராடு செலவும் மட்டும் கொடுங்கள், கூலி வேண்டாம். அந்த ட்ரம்முக்கு நான் கட்டவேண்டிய கடன் அது.

முதல் பெட்டியைச் செய்து என் மாந்தோப்பில் ஒரு வருடமாக வைத்திருக்கிறேன். அலுவலர்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். வெயில் ஏறும்முன் வாருங்கள், அப்புறம் கதவில் கை வைக்க முடியாது. இந்த வைகாசியில் ஒரு ராத்திரி அந்தப் பக்கம் சத்தம் கேட்டதாகப் பெரியவர் சொன்னார். காலையில் போய்ப் பார்த்தேன். கதவின் இடது மூலையில் ஐந்து கீறல். பச்சை பெயின்ட் உரிந்து அடியிலிருக்கும் ப்ரைமர் சிவப்பாகத் தெரிகிறது. தகட்டில் ஒன்றும் ஏறவில்லை. கால்தடம் பெட்டியை இரண்டு சுற்றுச் சுற்றி, நேராக மேட்டுப் புற்றுக்குப் போயிருந்தது. புற்று பாதி தோண்டிக் கிடந்தது.

இப்படிக்கு,
அஞ்செட்டி ரோட்டுத் தோட்டக்காரன்,
ஓசூர்.